சீ.ஆர். கொப்பியா, வட்ஸ்அப்பா, போயா நாள் சந்திப்பா: வாசித்ததைப் பகிர எங்களுக்கு எது உதவும்?

சென்ற ஆண்டு மார்ச் மாதச் சந்திப்பில் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர் ஒருவர் ஒரு சிறுகதைத் தொகுதியைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார்; கேட்டிருந்தவர்களில் ஐந்து பேர் அதை உடனே வாசிக்க வேண்டும் என்றார்கள். ஜூனில் விசாரித்தபோது அந்த ஐவரில் ஒருவர்கூட அத்தொகுதியைக் கண்ணால் கண்டிருக்கவில்லை. சோம்பல் காரணமன்று. எங்களுக்குள் அந்த நூலின் ஒரேயொரு பிரதி, திருக்கோவிலில் பேசியவரின் வீட்டு அலுமாரியில் இருந்தது. கேட்பதற்கு இவர்களுக்குக் கூச்சம், கொண்டுவருவதற்கு அவருக்கு மறதி. பன்னிரண்டு நிமிடப் பேச்சு அத்தோடு முடிந்துபோயிற்று.

எங்கள் வட்டத்தில் பதினான்கு பேர் இருக்கிறோம். மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, ஏறாவூர்ப் பக்கத்தில் எட்டுப் பேர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் மூவர். தெற்கே அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என மற்ற மூவர். யார் என்ன வாசித்துக்கொண்டிருக்கிறார், அதில் யாருக்கு எது பொருந்தும் என்பதைப் பகிர்ந்துகொள்ள மாதச் சந்திப்பு, வட்ஸ்அப் குழு, வாசித்த நூல்களைப் பதிந்து மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளம், கைமாறிச் செல்லும் சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) என நான்கு வழிகளையும் கொஞ்சக் காலமாவது பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். வரும் தை மாதம் முதல் எதை முதன்மையாகக் கொள்வது என்று ஒப்பிட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பதினான்கு பேருக்காக எழுதுவதாயினும், இப்படிச் சிதறிக் கிடக்கும் வேறு வட்டங்களுக்கும் இது பயன்படலாம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றை நான் எடுத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. (ரங்கநாதன் சீர்காழியில் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில்தான் காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்தார் என்பதை, இந்தப் பெயரை எடுக்கும்போதெல்லாம் எங்கள் காரைதீவு நண்பர் நினைவூட்டாமல் விடமாட்டார்.) இம்மூன்றோடு எங்கள் ஊர் நிலைமைக்கு நான்காவதாக ஒன்றையும் சேர்க்கிறேன்: பரிந்துரையோடு பிரதி எங்கே இருக்கிறது என்ற தகவலும் வர வேண்டும். பெரிய நகரத்தில் ஒரு நூலின் பெயரைக் கேட்டவர் அன்று மாலையே கடைக்குப் போய் அதை வாங்கிவிடக்கூடும். இங்கே அப்படி நடப்பது அருமை. இந்தியாவில் 300 ரூபா விலையிட்ட நூல், 2022இல் இலங்கை ரூபா சரிந்த பிறகு, எங்கள் கைக்கு வரும்போது 1,000 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. இங்கேயே அச்சாகும் நூல்களோ சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுகின்றன. வெளியீட்டு விழாவுக்குப் போகாதவர் பிறகு ஆசிரியரின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஆகவே பிரதியின் இருப்பிடத்தைச் சொல்லாத பாராட்டு எங்களைப் பொறுத்தவரை பாதிப் பரிந்துரைதான்.

முதலில் சந்திப்பு. முழுநிலா நாள் அரச விடுமுறை என்பதால் போயா தினத்தையே நாங்கள் தெரிந்துகொண்டோம். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது வசதி. ஆனால் அன்று பொது நூலகமும் மூடியிருக்கும் என்பதால், பேசிக் கேட்ட நூலை எழுந்துபோய் இரவல் எடுக்க வழியில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலையிலிருந்து வருவது எளிதாகிவிட்டது. மண்டூர் அக்காவுக்கு அந்த வசதி இல்லை. குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் படகு) நிற்பதற்கு முன் அவர் போய்ச்சேர வேண்டும். கல்முனைக்காரர் நாற்பது கிலோமீற்றர் அளவில் பஸ்ஸில் வந்து திரும்ப வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் ஏறினால் அந்த மாதச் சந்திப்பு நடப்பதே இல்லை. நோன்பு மாதத்தில் மாலைச் சந்திப்பைக் காலைக்கு மாற்றாவிட்டால் காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்கள் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும்.

இவ்வளவு இடைஞ்சலையும் தாண்டி சந்திப்புக்கு ஒரு பெரும் பலம் உண்டு. அதை வேறெந்த வழியிலும் நான் காணவில்லை. ஒருவர் ஒரு நூலைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகத்தையும் சேர்த்தே வாசிக்கிறோம். சொல்லும்போது எங்கே குரல் தடுமாறுகிறது, எந்த இடத்தை விட்டுவிட்டுப் போகிறார், கையில் வைத்திருக்கும் பிரதி எந்தப் பக்கத்தில் தானாகவே விரிகிறது என்பதெல்லாம் அவருடைய சொற்களைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமக்குப் பிடிக்காத நாவலை மிகுந்த மரியாதையோடு பாராட்டிக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்த பல்கலைக்கழக மாணவி, "சேர், நீங்கள் இதை முடிக்கவில்லைதானே?" என்று கேட்டதும் அவர் சிரித்து ஒப்புக்கொண்டதும் நேரில் மட்டுமே நடக்கக்கூடியவை.

பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் பதினான்கு பேருக்கு எழுபது நிமிடம் போதும், நடப்பதோ வேறு. மேடைப் பழக்கம் உள்ள இருவர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக வாய்ப்பு வரும் இளையவர்கள், பெரும்பாலும் பெண்கள், "நான் வாசிச்சது சின்னப் புத்தகம்தான்" என்று சொல்லி இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார்கள். அவர்கள் வாசிப்பது மற்றவர்களைவிட அதிகம் என்பது பின்னர் கொப்பியைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற விதி, குரல் உயர்ந்தவரின் நூலுக்கு மட்டும் பொருந்துவதாக ஆகிவிடுகிறது.

சந்திப்பிலேயே எல்லோரும் ஒரே நூலை வாசித்து வந்து பேசலாமே என்ற யோசனையும் உண்டு. பேச்சின் தரம் அதில் உயரும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பதினான்கு பிரதிகளுக்கு எங்கே போவது? ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாரமென்றால் பதினான்காமவர் வாசிக்கும்போது முதலாமவர் கதையை மறந்திருப்பார். இணையத்தில் இருக்கும் பழைய நூலுக்கோ ஒரு தனிச் சிறுகதைக்கோ மட்டுமே இது எங்களுக்கு ஒத்துவரும். ஆண்டுக்கு இரண்டு முறை செய்யலாம்.

அடுத்தது வட்ஸ்அப். இதற்குத் தூரமில்லை, மழையில்லை, பாதை நிற்கும் நேரமும் இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும் நூலின் அட்டையைப் படமெடுத்துப் போடுவதற்கு அரை நிமிடம் போதும். தமிழில் தட்டச்சுச் செய்யச் சிரமப்படும் மூத்தவர்கள் குரற்பதிவு அனுப்புகிறார்கள். மேடையில் செந்தமிழ் பேசும் ஒருவர் குரற்பதிவில் மட்டக்களப்புப் பேச்சிலேயே ஒரு நாவலைப் பற்றிச் சொன்னது, இரண்டாண்டில் நான் கேட்ட மிகச் சிறந்த நூல் அறிமுகம் என்பேன். அந்தப் பதிவை இப்போது தேடி எடுக்க என்னால் முடியவில்லை. நான்கு நிமிடக் குரலுக்குள் நூலின் பெயர் எந்த நொடியில் வருகிறது என்று எந்தத் தேடலும் காட்டாது.

வட்ஸ்அப்பில் எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்: அதில் எதுவும் தங்குவதில்லை. காலையில் போட்ட நூல் அட்டைக்கு மேல் மதியத்துக்குள் ஒரு மரண அறிவித்தல், இரண்டு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு மின்வெட்டுச் செய்தி ஏறிவிடுகின்றன. "மறுகா வாசிப்பம்" (பிறகு வாசிப்போம்) என்று கட்டைவிரல் அடையாளம் போட்டவர் அந்த மறுகாவைத் திரும்பப் பார்ப்பதில்லை. குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு முன்னர் நடந்த பேச்சு பெரும்பாலும் கிடைப்பதுமில்லை. ஓர் ஆண்டுப் பரிந்துரைகள் அவருக்கு இல்லாதவையே. யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து தொகுத்தால் இதைச் சரிசெய்யலாம் என்று ஒரு தம்பி சொன்னார். இரண்டு மாதம் தொகுத்தார். மூன்றாம் மாதம் அவருக்கு வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார்.

இரண்டாவது குறையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நூலைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக, உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நூலையே பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிடும் பழக்கம் குழுவுக்குள் வந்துவிட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளோடு, அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையைக் காக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சொந்தப் பணத்தில் நானூறு பிரதி அச்சிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கும் ஒருவரை நேரில் அறிந்த பிறகும் அப்படி அனுப்புவதை எந்த வாசிப்பு ஆர்வத்தாலும் நியாயப்படுத்த முடியாது. எழுபது கோப்புகளைக் கைபேசியில் சேமித்த நண்பர் அவற்றில் எத்தனையை வாசித்தார் என்று கேட்டேன். மூன்று என்றார்.

குட்ரீட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007இல் தொடங்கி 2013இல் அமேசானின் கைக்கு வந்த அந்தத் தளம், ஆங்கில நூல் வாசிப்பவருக்கும், தாம் வாசித்தவற்றைத் தமக்காகக் கணக்கு வைத்துக்கொள்பவருக்கும் நல்ல கருவி. எங்கள் தேவைக்கு அது பொருந்தவில்லை. இலங்கைச் சிறு வெளியீடுகளில் பல அங்கே இல்லை. நாமே சேர்க்கலாமென்றாலும், ஒரே ஆசிரியரின் பெயர் தமிழிலும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் வேறுவேறு ஆட்களைப்போல நிற்கிறது. ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுத்தவர் ஏன் ஒன்றைக் குறைத்தார் என்று தெரியாமல் அந்த நான்கினால் எனக்கு என்ன பயன்? கல்முனை நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்பதையும் அது சொல்லப்போவதில்லை.

இனிக் கொப்பி. திருக்கோவில் அலுமாரியின் கதை வெளிப்பட்ட பிறகு, சென்ற ஆண்டு ஜூலையில், கடையில் ஒரு தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பி வாங்கி, இரு பக்கத்தையும் சேர்த்து ஐந்து நிரல்களாகக் கோடு போட்டோம்: நூலும் ஆசிரியரும், வாசிப்பவர் பெயர், எந்தப் பக்கம் வரை, என்ன தோன்றியது, பிரதி யாரிடம். ஒருவரிடம் பத்து நாள் இருக்கலாம். பிறகு அடுத்தவருக்குப் போக வேண்டும். கொப்பியை வெறுமனே அனுப்பாமல், எழுதிய நூல்களில் ஒன்றையாவது அதோடு ஒரு துணிப்பையில் போட்டு அனுப்ப வேண்டும் என்ற விதியைப் பிறகுதான் சேர்த்தோம். இம்முறையின் உயிர் அந்த விதியில்தான் இருக்கிறது. 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுபோனார். எங்களுக்கு வாய்த்தது கல்முனை பஸ்ஸும், முகம் தெரிந்த ஒரு நடத்துனரும்.

கொப்பியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு பக்கத்தைக் காட்டியே விளக்கலாம். ஒன்பதாம் பக்கத்தில் நீல மையில், மிகச் சிறிய எழுத்தில், ஏறாவூர்த் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார்: "பக்கம் 112 வரை. மாமி இறக்கும் இடத்துக்குப் பிறகு மூன்று நாள் தொடவில்லை. என் உம்மம்மாவின் நினைவு வந்தது. முடித்தால் எழுதுவேன்." அதன் கீழே கறுப்பு மையில் மண்டூர் அக்கா: "முடித்தீர்களா தங்கச்சி? முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, புத்தகத்தை அனுப்புங்கள், நான் முடித்துச் சொல்கிறேன்." அடுத்த சுற்றில் அதே நீல மை: "முடித்தேன் அக்கா. பையில் இருக்கிறது. முடிவு உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் வாசியுங்கள்." ஓரத்தில் பென்சிலால், தடுமாறும் கையெழுத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர்: "எனக்கும் பிடிக்கவில்லை. அதுதான் சரியான முடிவு."

ஒரு நூல் மூன்று பேரிடம் போய்வந்த கதை இந்த ஏழெட்டு வரிகளுக்குள் இருக்கிறது. சந்திப்பில் இரண்டு வசனத்தோடு நின்றவர் இங்கே முதலில் எழுதுகிறார். இருபத்தைந்து நிமிடம் பேசுபவர் பென்சிலால் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார், ஏனென்றால் நிரலில் அவ்வளவுக்குத்தான் இடம். "எந்தப் பக்கம் வரை" என்ற நிரலை முதலில் நான் அவசியமில்லை என்று நினைத்தேன். இப்போது ஐந்திலும் மிகப் பெறுமதியானது அதுவே என்று சொல்வேன். வாசித்து முடித்த நூலைப் பற்றி எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பாராட்டையே எழுதுகிறார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது எழுதுவதில்தான் சலிப்பும், ஐயமும், தொடர்ந்து போவதற்கான காரணமும் தெரிகின்றன. 40ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன் என்று மூன்று பேர் எழுதிய ஒரு நூலை நான்காமவர் எடுக்காமல் விட்டார்; வாசகரின் நேரம் மிச்சமாயிற்று. இன்னொருவர் அந்த 40ஆம் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவே அதை எடுத்து, முழுதும் வாசித்துப் புகழ்ந்திருக்கிறார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

நூலகங்களில் நூலின் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் திகதிச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த இன்பம் புதிதன்று. சிவப்பும் ஊதாவுமாக முத்திரை குத்திய திகதிகள் நெருங்கி இருந்தால் ஊரார் அதை விரும்பி எடுத்திருக்கிறார்கள். 1994க்குப் பிறகு 2011 என்று இருந்தால், பதினேழு ஆண்டு அது யாருக்காகவோ காத்திருந்திருக்கிறது. கொப்பி அந்தச் சீட்டுக்கு வாயும் கொடுத்துவிடுகிறது.

கொப்பியின் குறைகளை மறைக்கப் போவதில்லை. முதலாவது, அது மெதுவானது. பதினான்கு பேரிடம் ஆளுக்குப் பத்து நாளென்றால் ஒரு சுற்றுக்கு நூற்று நாற்பது நாள். மே மாதத்தில் எழுதிய கேள்விக்குப் புரட்டாதியில்தான் பதில் வரும். இரண்டாவது, எல்லோரும் வாசிக்கக்கூடியதாக எழுதுவதில்லை. என் எழுத்தைப் பற்றியே இரண்டு முறைப்பாடு வந்திருக்கிறது. மூன்றாவது, நூலை எழுதியவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தால் பேனா தயங்குகிறது. இந்த வட்டாரத்தில் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே ஒரு தெருவோ ஒரு கலியாணவீடோதான் தூரம். பேச்சில் சொன்ன குறை காற்றோடு போகும், கொப்பியில் எழுதியது அவருடைய கைக்கே ஒருநாள் போய்ச்சேரலாம். நான்காவதுதான் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது: பிரதி ஒன்றே ஒன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரையோடு நூல்களும் போன வீடுகளை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2004 டிசெம்பரில் கடல் கொண்டுபோனதை நாங்களே பார்த்திருக்கிறோம். அவ்வளவு பெரிய அழிவு வேண்டியதில்லை, பஸ்ஸில் பையை மறந்துவிட்டால் போதும்.

நான்கு குறைகளில் மூன்றுக்குப் பரிகாரம் உண்டு. ஒரு கொப்பிக்குப் பதிலாக இரண்டு வைக்கலாம். ஒன்று நகரத்துக்கும் படுவான்கரைக்கும், மற்றது தெற்கே கல்முனைப் பக்கத்துக்கும். தெற்கில் மூவர்தான் என்பதால் நகரத்து எட்டுப் பேரில் நால்வர் அந்தச் சுற்றில் சேர வேண்டும். அப்போது ஒவ்வொன்றிலும் ஏழு பேர், சுற்று எழுபது நாளாகிறது. ஒரு சுற்று முடிந்ததும் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். கையிலிருந்து அனுப்புமுன் புதிய பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பிரதி ஒன்றே என்ற பயமும் தீரும், கேள்விக்குப் பதிலும் அன்றே வரும். கையெழுத்துக்கு மருந்து, எழுதுபவரின் பொறுமைதான். தெரிந்தவரின் நூலைப் பற்றி எழுதத் தயங்குவதற்கு மட்டும் என்னிடம் வழியில்லை; அத்தகைய நூல்களைச் சந்திப்புக்கு விட்டுவிடலாம்.

ஆகையால் என் தீர்ப்பு கொப்பியின் பக்கமே. நான்கு வழிகளில் பிரதியின் இருப்பிடத்தைத் தானாகவே சொல்வது அது ஒன்றே. ஒதுங்கி நிற்கும் வாசகரின் நூலையும் சமமாகக் காட்டுவது அதுவே. சந்திப்பை விட்டுவிட நான் சொல்லவில்லை; மாதம் ஒன்றை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக்கி, ஐப்பசி முதல் மார்கழி வரை நிறுத்திவைத்து, நடக்கும் நாளில் புதிதாகப் பேசுவதைவிடக் கொப்பியில் மூவருக்கு மேல் கருத்து எழுதிய நூலையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். வட்ஸ்அப்புக்கு இரண்டே வேலை: பக்கப் படங்கள், பை இப்போது யாரிடம் என்ற செய்தி. பிடிஎஃப் வேண்டாம். பதிப்பில் இல்லாத இலங்கை நூலாக இருந்தால், 2005 முதல் இணையத்தில் இயங்கிவரும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் "பிரதி யாரிடம்" என்ற நிரலில் ஆளின் பெயருக்குப் பதிலாக "நூலகம்" என்று எழுதிவிட்டால் பதினான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் பிரதி கிடைத்தது போலாகும். பழைய இலக்கியத்துக்கு, அதை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டமும் அப்படியே.

வட்டம் இதை ஏற்றுக்கொண்டால் ஒரு சிறு மாற்றத்தையும் கேட்பேன். ஐந்து நிரலோடு ஆறாவதாக "யாருக்கு" என்று ஒன்று வேண்டும். எல்லோருக்கும் என்று எழுதுவதைத் தடைசெய்ய வேண்டும். கொக்கட்டிச்சோலைத் தம்பிக்கு, அல்லது மாமியாரோடு வாழும் எவருக்கும், அல்லது எனக்கே பத்து வருடத்துக்குப் பிறகு என்று எழுதலாம். இரண்டாவது கொப்பியை வாங்கி ஆறு நிரலுக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் அந்தத் திருக்கோவில் சிறுகதைத் தொகுதியை எழுதியிருக்கிறேன். பிரதி யாரிடம் என்ற இடத்தில் "பையில்" என்றே போட்டிருக்கிறது. நண்பர் சென்ற வாரம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு வருடம் பிந்தியதற்கு மன்னிப்போடு.